பொழுதுபோக்கும் வர்க்கமும்

இலக்கிய விமர்சனம் என்றவுடன் கவிதை, நாவல், சிறுகதை ஆகியவற்றையே நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆயின் ஒரு சமுதாயம் மனிதனை எவ்வாறு மதிப்பிடுகின்றது என்பதை அறிவதற்கு அதன் காவியங்கள் மட்டுமன்றி அதன் விண்ணப்பப்பத்திரங்களும் உதவுகின்றன. ஐக்கிய அமெரிக்காவிற் கல்லூரி அனுமதி கோரி ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான இளைஞரும் யுவதிகளும் எழுதும் தன்விவரக் கட்டுரையும், அதனோடு அவர்கள் இணைக்கும் செயற்பாட்டுப் பட்டியலும் இன்று ஒரு தனி எழுத்துவகையாகவே வளர்ந்துவிட்டன. அதற்கென மரபு உண்டு, உத்திகள் உண்டு, கையேடுகள் உண்டு, பணம் பெற்றுத் திருத்திக் கொடுப்போரும் உண்டு. ஆகவே அதனை இலக்கியம் போலக் கொண்டு ஆராய்வது தவறாகாது.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியவள் எமது மாணவி ஒருத்தி. உயர்தர வகுப்பிற் கணிதம் பயிலும் அவள், முழுப் புலமைப்பரிசில் வழங்கும் அமெரிக்கக் கல்லூரிகள் சிலவற்றுக்கு விண்ணப்பிக்க விரும்பி, ஆசிரியர் பரிந்துரைக் கடிதம் வேண்டி எம்மிடம் வந்தாள். பத்திரத்தில் இணைப்பாடவிதானச் செயற்பாடுகளுக்கெனப் பத்து இடங்கள் இருந்தன. மூன்றை மட்டுமே அவள் நிரப்பியிருந்தாள்: வலைப்பந்தாட்டம், தமிழ் மன்றச் செயலாளர் பதவி, ஆங்கில தினப் போட்டி. மற்ற ஏழும் வெறுமையாய்க் கிடந்தன. "எனக்கு ஒரு பொழுதுபோக்கும் இல்லை சேர். என்னத்தை எழுதுறது?" என்று கேட்டாள். அவளுடைய கையிலே ஓர் ஆலோசனை நிலையத்தின் துண்டுப்பிரசுரம் இருந்தது. பிறரிடம் இல்லாத விசித்திரமான பொழுதுபோக்கு ஒன்றைக் காட்டினால் அனுமதி எளிதாகும் என்று அது உபதேசித்தது.

அவள் குடும்பத்தை நாம் அறிவோம். தாயார் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து மாக் குழைத்து, உரலிற் பிழிந்து, தட்டுகளை அடுக்கி, ஆறரை மணிக்குச் சைக்கிளில் மூன்று கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டே அவள் பாடசாலைக்கு வருகிறாள். "இதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டோம். அவள் சிரித்தாள். "அது வேலையெல்லோ சேர்! பொழுதுபோக்கெண்டு எப்பிடி எழுதுறது?"

இக்கேள்வியிலேயே முழுப் பிரச்சினையும் அடங்கியிருக்கின்றது. உழைப்பு வேறு, பொழுதுபோக்கு வேறு என்று அவள் கொண்ட பிரிவினை சரியானதே. ஆனால் அப்பிரிவினையில் எப்பக்கம் தகுதியாக எண்ணப்படுகின்றது, ஏன் அவ்வாறு எண்ணப்படுகின்றது என்பதே நாம் ஆராயவேண்டியது.

முதலில் வடிவத்தை நோக்குவோம். 'கொமன் அப்ளிகேஷன்' எனப்படும் பொது விண்ணப்பம் 1975 ஆம் ஆண்டு 15 கல்லூரிகளுடன் ஆரம்பமாயிற்று. இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட நிறுவனங்கள் அதனை ஏற்கின்றன. 650 சொற்களுக்கு மேற்படாத ஒரு கட்டுரை. பத்துக்கு மேற்படாத செயற்பாடுகள். ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்துருக்களுக்குள் ஒரு வரி. வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்ற கணக்கு. வெண்பாவுக்கு உள்ளதைப் போன்ற கட்டுப்பாடு இதற்கும் உண்டு. ஆயிரக்கணக்கான பத்திரங்களை விரைந்து வாசிக்கும் ஓர் அனுமதி அதிகாரியின் கண்ணை ஒரு கணம் நிறுத்துவதே இவ்வெழுத்தின் நோக்கம். ஆதலாற் புதுமையே அதன் தலையாய அணியாகிவிட்டது. பலர் வயலின் வாசிக்கும்போது ஒருவன் ஓபோ வாசிக்கிறான். பலர் விவாதக் கழகத்திற் சேரும்போது ஒருத்தி தேனீ வளர்க்கிறாள். வேறொருவன் வல்லூறு பழக்குகிறான். இன்னொருவன் இல்லாத மொழியொன்றுக்கு இலக்கணம் செய்கிறான். இவற்றில் எதுவும் தன்னளவில் இழிவானதன்று. தேனீயை நேசிக்கும் சிறுமியைக் கண்டு நாம் மகிழ்வோமேயன்றி நகைக்கமாட்டோம். ஆனால் அத்தேனீ ஓர் அளவுகோலாக மாறும்போது, அளவுகோலைச் செய்தவர் யார் என்று கேட்காமலிருக்க முடியாது.

அவ்வளவுகோலின் வரலாறு அத்துணை அழகானதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாவார்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகிய பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் பரீட்சையின் அடிப்படையிலேயே மாணவரைச் சேர்த்தன. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஏழை யூதரின் பிள்ளைகள் பரீட்சையில் முன்னேறினர். 1900 இல் ஹாவார்ட்டில் ஏறத்தாழ 7 சதவீதமாயிருந்த யூத மாணவர் தொகை 1922 இல் 21 சதவீதத்தைத் தாண்டிற்று. பல்கலைக்கழகத் தலைவராயிருந்த லாரன்ஸ் லோவல் யூதருக்கு வெளிப்படையான வரம்பு விதிக்க முயன்றார். ஆசிரியர் குழு 1923 இல் அதனை நிராகரித்தது. ஆனால் 1926 இல் வேறொரு வழி திறக்கப்பட்டது. மாணவர் தொகைக்கு வரம்பு கட்டி, பரீட்சைப் புள்ளியோடு 'குணநலமும்' பார்க்கப்படும் என்றனர். நேர்முகப் பரீட்சை, புகைப்படம், விளையாட்டு, தலைமைப் பண்பு, பொழுதுபோக்கு யாவும் கணக்கில் வந்தன. யூத மாணவர் விகிதம் விரைவிலேயே ஏறத்தாழ 15 சதவீதத்துக்கு இறங்கிற்று. இவ்வரலாற்றை ஜெரோம் கரபெல் என்ற சமூகவியலாளர் 2005 இல் வெளியிட்ட 'த சோசன்' என்ற நூலில் ஆதாரங்களோடு விரித்துரைத்துள்ளார்.

இன்று பொழுதுபோக்கைக் கேட்கும் அதிகாரி யூத வெறுப்பாளர் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுதல் அநியாயம். ஆனால் ஒரு கருவி எத்தேவைக்காகச் செய்யப்பட்டதோ அத்தேவை மறைந்த பின்னரும் அதன் இயல்பு மறைவதில்லை. பரீட்சைத்தாளில் ஏழைப் பிள்ளை வெல்லக்கூடும். மாளிகைப் பழக்கவழக்கங்களில் வெல்லுதல் அரிது. இதனை 1926 இல் அறிந்துகொண்டவர்கள் தெளிவாகவே அறிந்துகொண்டார்கள்.

அக்கருவி இன்றும் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. பொது விண்ணப்பத்தினூடாக வந்த ஏறத்தாழ 60 இலட்சம் விண்ணப்பங்களை ஆராய்ந்து 2023 இல் வெளியான ஆய்வொன்று, செல்வந்தக் குடும்பத்தினரும் தனியார் பாடசாலை மாணவரும் கூடுதலான செயற்பாடுகளையும், கூடுதலான தலைமைப் பதவிகளையும், கூடுதலான சிறப்புச் சாதனைகளையும் பதிவுசெய்வதைக் கண்டது. அதே ஆண்டில் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜோன் ஃபிறீட்மன் ஆகிய பொருளியலாளர்கள் மிகச் சிறந்தவையாகக் கொள்ளப்படும் 12 பல்கலைக்கழகங்களை ஆராய்ந்தனர். ஒரே பரீட்சைப் புள்ளி பெற்ற மாணவர்களுள், மிகச் செல்வந்தரான 1 சதவீதக் குடும்பங்களின் பிள்ளைகள் நடுத்தரக் குடும்பப் பிள்ளைகளைவிட இருமடங்குக்கு மேற்பட்ட வாய்ப்போடு அங்கே சேர்கின்றனர் என்பது அவர்களின் முடிவு. பழைய மாணவரின் பிள்ளைகளுக்கான சலுகை, விளையாட்டு வீரர் சேர்ப்பு ஆகியவற்றோடு, கல்விசாராத் தகுதிகளுக்கு இடப்படும் புள்ளியும் இதற்குக் காரணம். அக்கல்விசாராப் புள்ளிகள் மாணவரின் பிற்கால முன்னேற்றத்தை முன்னுணர்த்துவதில்லை என்றும், பரீட்சைப் புள்ளிகள் முன்னுணர்த்துகின்றன என்றும் அவர்கள் கண்டனர்.

இவற்றின் உச்சமாக 2019 ஆம் ஆண்டு ஒரு பெரும் ஊழல் அம்பலமாயிற்று. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மீது வழக்குத் தொடரப்பட்டது. துடுப்புப் படகையே அறியாத பிள்ளைகள் படகோட்ட வீரராக்கப்பட்டனர். நீர்ப்பந்து விளையாடாத மகனுக்குத் தந்தையொருவர் அவ்விளையாட்டின் உடையை வாங்கி அணிவித்துப் புகைப்படம் எடுத்து, அதனைக் கைவேலையால் மெய்போலாக்கினார். கைலஞ்சம் குற்றமாயிற்று, தண்டனையும் கிடைத்தது. ஆனால் நாம் கவனிக்கவேண்டியது வேறு. உண்மையாகவே படகும் பயிற்சியாளரும் ஆற்றங்கரைக் கழகமும் வாங்கித் தரக்கூடிய தந்தைக்குப் பொய் தேவைப்படவில்லை. அவர் சட்டப்படியே அதே வாயிலாற் செல்லலாம்.

இனி இவ்வெழுத்துவகையின் கையேடுகளுள் ஒன்றை நோக்குவோம். கால் நியூபோர்ட் 2010 இல் எழுதிய 'ஹவ் டு பி எ ஹைஸ்கூல் சூப்பர்ஸ்ரார்' அவற்றுள் நேர்மையானது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். பத்துக் கழகங்களிற் சேர்ந்து உறக்கமின்றி வாடாதீர்கள், உங்களுக்கென நேரத்தை மிச்சப்படுத்துங்கள், உண்மையில் விரும்பும் ஒன்றில் ஆழ்ந்து செல்லுங்கள் என்று அவர் மாணவருக்குக் கூறுகிறார். நல்ல புத்திமதிதான். அவர் கண்டுகூறும் ஓர் உளவியல் உண்மையும் கூர்மையானது. ஒரு சாதனையை எவ்வாறு செய்து முடித்திருப்பார்கள் என்று வாசகன் தன் மனத்தில் ஒத்திகை பார்க்க இயலாதபோது, அச்சாதனை அவனுக்கு அற்புதமாகத் தோன்றுகின்றது. பாடசாலைக் குழுவின் தலைவியாவதை நாம் கற்பனை செய்யலாம். பதினேழு வயதிற் சர்வதேச மாநாடொன்றிற் பேசுவதைக் கற்பனை செய்ய முடிவதில்லை. எனவே பின்னதே பெரிதாகத் தெரிகின்றது.

ஆயின் ஆசிரியர் நின்றுவிட்ட இடத்திலிருந்தே நாம் தொடங்கவேண்டும். நமது கற்பனைக்கு எட்டாத அப்படிகள் யாவை? பெரும்பாலும் அவை தகப்பனாரின் நண்பர், தாயாரின் கார், வீட்டுப் பின்புறத்து நிலம், கோடை விடுமுறையில் உழைக்கவேண்டிய அவசியமின்மை என்பனவே. படிகள் கண்ணுக்குத் தெரியாதபோது ஏறியவன் பறந்தவனாகத் தோன்றுகிறான். சமுதாய உறவுகளை மறைத்துவிட்டுத் தனிமனிதனை மட்டும் ஒளியில் நிறுத்தும் இந்த உத்தி இலக்கியத்தில் நமக்குப் புதிதன்று. பண்ணையும் குத்தகையும் கடனும் நீக்கப்பட்ட கதைகளிலே கதாநாயகனின் மேன்மை பிறவிக் குணமாகத் தோன்றுவதை நாம் பலமுறை கண்டித்திருக்கிறோம். அதே பொய்ம்மைதான் இங்கும் உள்ளது.

தோர்ஸ்தீன் வெப்லென் 1899 இல் எழுதிய 'ஓய்வு வர்க்கம் பற்றிய கொள்கை' இதனை முன்னரே விளக்கியுள்ளது. ஓய்வை யாரும் நேரிற் காட்டமுடியாது; அது கழிந்துவிடும். ஆகவே ஓய்வாகக் கழித்த காலத்துக்குச் சான்றாக ஏதேனும் ஒன்றைக் காட்டவேண்டியிருக்கிறது. வழக்கொழிந்த மொழிகளின் அறிவு, வீட்டு இசை, உயர்சாதி நாய் வளர்ப்பு, பந்தயக் குதிரை என அவர் அடுக்குகிறார். பிழைப்புக்குப் பயன்படாமையே அவற்றின் பெருமை. ஒருவன் எவ்வளவு நேரத்தை உற்பத்தியிலிருந்து விடுவித்து வைத்திருந்தான் என்பதற்கு அவை சாட்சி. பியர் பூர்தியு 1979 இல் 'லா டிஸ்ரிங்ஷன்' என்ற நூலில் இவ்வாராய்ச்சியை மேலும் ஆழமாக்கி, 'என் சுவை' என்று ஒவ்வொருவரும் கருதுவதில் வர்க்கத்தின் கைரேகை பதிந்திருப்பதைக் காட்டினார். செயற்பாட்டுப் பட்டியலின் 'தனித்தன்மை' என்பதும் இதுவே.

இது அமெரிக்கருக்கு மட்டும் உரிய குற்றமன்று. நமது தொல்காப்பியம் அன்பின் ஐந்திணையை வகுக்கும்போது, பிறருக்கு அடிமைப்பட்டோரையும் ஏவல்வினை செய்வோரையும் அதன் தலைமக்களாக ஏற்கவில்லை; கைக்கிளை, பெருந்திணை என்ற புறவட்டத்திலேயே அவர்களுக்கு இடம் தந்தது. பிறருக்குக் குற்றேவல் செய்வோர்க்கு அறமும் பொருளும் இன்பமும் வழுவாது ஒழுகுதல் அரிது என்று உரையாசிரியரும் காரணம் காட்டினர். அதாவது, காதல் எல்லோருக்கும் வரும். ஆனால் இலக்கியத்துக்கு உரிய காதல், நேரம் சொந்தமாயிருப்பவனுக்கே வரும். அன்று அகத்திணைக்கு விதித்த அதே விதியை இன்று விண்ணப்பப்பத்திரம் விதிக்கின்றது. ஆளுமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் கணக்கில் வரும் ஆளுமை ஓய்வுள்ளவனின் ஆளுமை. தொல்காப்பியர் அதனை வெளிப்படையாகக் கூறினார் என்பதே வேறுபாடு.

கட்டுரையாவது இக்குறையை ஈடுசெய்யாதா என்று சிலர் கேட்கலாம். ஏழை மாணவன் தன் கதையைத் தன் வாயால் எழுதலாமே என்பது அவர்களின் வாதம். 2021 இல் ஸ்ரான்போர்ட் ஆய்வாளர் குழுவொன்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த 60,000 பேரின் 240,000 கட்டுரைகளைக் கணினியின் உதவியோடு ஆராய்ந்தது. பரீட்சைப் புள்ளிக்கும் குடும்ப வருமானத்துக்கும் உள்ள தொடர்பைவிட, கட்டுரையின் உள்ளடக்கத்துக்கும் குடும்ப வருமானத்துக்கும் உள்ள தொடர்பு வலிமையானது என்று அது கண்டது. எதைப் பற்றி எழுதுகிறான் என்பதே எவ்வீட்டுப் பிள்ளை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. உள்ளடக்கத்தை வாழ்க்கை நிலைமை நிர்ணயிக்கின்றது என்று நாம் வகுப்பறைகளிற் கூறிவந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வேறொரு இடரும் உண்டு. வறியவன் எழுதும்போது அவனிடம் எதிர்பார்க்கப்படுவது துயரம். செல்வந்தன் தன் வல்லூறை விற்கிறான். வறியவன் தன் பட்டினியை விற்கவேண்டும். இனத்தைக் கணக்கிலெடுத்து அனுமதி வழங்கும் முறையை அமெரிக்க உயர் நீதிமன்றம் 2023 ஜூன் 29 ஆம் திகதி தடைசெய்தபோது, இனம் தன் வாழ்வை எவ்வாறு பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதுவதைத் தடுக்கவில்லை என்றும் தீர்ப்புக் கூறிற்று. சமுதாயம் முழுவதும் பொறுப்பேற்கவேண்டிய அநீதியைப் பதினேழு வயதுப் பிள்ளை 650 சொற்களிற் சுவைபடக் கூறவேண்டியிருக்கிறது. அக்கதையின் முடிவும் முன்பே தீர்மானிக்கப்பட்டது: நான் விழுந்தேன், எழுந்தேன், வென்றேன். எழாதவரைப் பற்றி அதில் இடமில்லை. பக்கத்து வீட்டாரோ தொழிற்சங்கமோ கூட்டுப் போராட்டமோ அதில் வருவதில்லை. துயரம் இருக்கும், சமுதாயம் இராது. இதனை யதார்த்தவாதம் என்று நாம் எப்படிக் கூறமுடியும்?

அப்படியாயிற் பரீட்சை ஒன்றே போதுமா? நமது நாட்டில் உயர்தரப் பரீட்சையின் இசற் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கின்றன. இணைப்பாடவிதானத்திற் சிறந்த சாதனை புரிந்தோருக்கு ஒரு சிறு விசேட ஏற்பாடே உண்டு. இம்முறை நம் பிள்ளைகளை என்ன பாடுபடுத்துகின்றது என்பது ஆசிரியராகிய எமக்குத் தெரியாததன்று. தனியார் வகுப்புகளிற் கழியும் மாலைகளும், மனனத்தால் மழுங்கும் அறிவும், உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லாத தோட்டப்பாடசாலைகளும் நம் கண்முன் உள்ளன. மாணவனை முழுமையாகப் பார்க்கவேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் முழுமை என்பது எது? அதிகாலையில் அவிக்கும் இடியப்பம் முழுமையிற் சேராது, மாலையில் வளர்க்கும் தேனீ மட்டும் சேரும் என்றால், அம்முழுமை அரைகுறையானது. பரீட்சையைச் சீர்திருத்தப் புறப்படுவோர் அதைவிட மோசமான ஒன்றை முற்போக்கு என்று எண்ணி இறக்குமதி செய்துவிடக்கூடாது என்பதே எமது கவலை.

அமெரிக்காவிலும் இதனை உணர்ந்தோர் உளர். ஹாவார்ட் கல்விப்பீடத்தின் ஒரு திட்டம் 2016 இல் வெளியிட்ட 'ரேணிங் த ரைட்' என்ற அறிக்கை, தம்பி தங்கையரைப் பராமரிப்பதும் குடும்பத்துக்காக உழைப்பதும் மதிக்கப்படவேண்டும் என்று வலியுறுத்திற்று. பொது விண்ணப்பத்திற் கூலி வேலைக்கும் குடும்பப் பொறுப்புக்கும் தனி வகைகள் உண்டு. ஆனால் இடம் இருப்பது வேறு. அது தனக்குரிய இடம் என்று ஒரு பிள்ளை அறிவது வேறு. எமது மாணவியின் கையிலிருந்த துண்டுப்பிரசுரத்தில் அவ்வகைகள் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை.

அவளோடு அமர்ந்து கணக்குப் பார்த்தோம். நாளுக்கு இரண்டரை மணித்தியாலம். வாரத்துக்கு ஆறு நாட்கள். ஆண்டுக்கு ஐம்பது வாரங்கள். மொத்தம் 750 மணித்தியாலம். அவள் அத்தொகையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவோ சேர்?" என்றாள். பிறகு, "பாவம் அம்மா. அம்மாக்கு இதைவிடக் கூடவெல்லோ" என்றாள். இவ்விரண்டாவது வாக்கியத்துக்குப் பத்திரத்தில் இடமில்லை. ஆனால் அவளை அறிந்துகொள்ள அதுவே போதுமானது.

இடியப்பம் அவித்தலை மரபுச் சமையற்கலையில் ஈடுபாடு என்று அலங்கரித்து எழுதலாம் என்று அவளுடைய தோழி ஒருத்தி யோசனை கூறியிருந்தாள். கொழும்பு மாளிகையொன்றின் பிள்ளை அதே உரலை விடுமுறையில் நான்கு நாட் பிழிந்தால் அது அவ்வாறே எழுதப்படும். விசித்திரப் பொழுதுபோக்காகப் பாராட்டவும் படும். நாம் அதற்கு உடன்படவில்லை. வேலை என்றே எழுதச் சொன்னோம். கூலி வேலை என்ற வகையில், நேரமும் நாளும் குறித்து, அணியலங்காரமின்றி அவள் எழுதினாள். எமது பரிந்துரைக் கடிதத்திலும் அந்த 750 மணித்தியாலத்தை எழுதினோம்; அவற்றுக்குப் பின்னரே அவளுடைய கணிதப் புள்ளிகள் பெறப்பட்டன என்பதையும் எழுதினோம். பரிந்துரைக் கடிதமும் ஓர் இலக்கிய வகைதானே. அதில் 'பல்துறை ஆற்றல் மிக்கவர்' என்ற தேய்ந்த தொடரை எழுதாமல், பிள்ளையின் நாள் எவ்வாறு விடிகிறது என்பதை எழுதும் கடமை ஆசிரியருக்கு உண்டு.

பொழுதுபோக்குக்கு நாம் பகைவரல்லர். மார்க்ஸும் ஏங்கெல்ஸும் 1845-46 இல் எழுதிய 'ஜேர்மன் சித்தாந்தம்' ஒரே தொழிலிற் சிறைப்படாமற் பலவற்றிலும் ஈடுபடக்கூடிய மனிதனைக் கனவு கண்டது. போல் லஃபார்க் 1880 இல் தொழிலாளியின் சோம்பியிருக்கும் உரிமைக்காகவே ஒரு நூல் எழுதினார். ஓய்வு எல்லோர்க்கும் உரியது என்பது நம் இயக்கத்தின் பழைய கோரிக்கை. அதனாலேயே சிலருடைய ஓய்வைத் தகுதி என்றும் பலருடைய உழைப்பை வெற்றிடம் என்றும் படிக்கும் பத்திரத்தை நாம் எதிர்க்கிறோம். அம்மாணவி ஒருநாள் தேனீ வளர்க்கட்டும். விரும்பினால் வல்லூறும் பழக்கட்டும். அதை யாருக்கும் காட்டவேண்டிய அவசியமின்றிச் செய்யட்டும். அதற்கு முதலில் அவளுடைய தாய் காலை ஆறு மணிவரை உறங்கக்கூடிய ஒரு நாடு வேண்டும்.